இலவச டெப் வேண்டாம், எங்களைக் கேள்வி கேட்க ஒரு கமிட்டி வேண்டும்



நாங்கள் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கத்து ஆசிரியர்கள். எங்களில் பெரும்பாலானோருக்கு முதல் நியமனமே உங்கள் தோட்டப் பாடசாலைகளில்தான் கிடைத்தது. கிழக்கிலிருந்து வந்து மலைநாட்டில் கணிதமும் விஞ்ஞானமும் படிப்பித்தவர்களை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகள் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை; "கல்முனை சேர்", "கல்முனை டீச்சர்" என்றுதான் சொல்வார்கள், நிந்தவூர்க்காரராக இருந்தாலும். சில வருடம் கழித்து இடமாற்றம் வந்தது, ஊருக்கு வந்துவிட்டோம். பிள்ளைகளின் இலக்கங்கள் மட்டும் எங்கள் போன்களில் இருந்தன.

2020 மார்ச்சில் நாட்டின் பாடசாலைகள் எல்லாம் மூடப்பட்டபோது அந்த இலக்கங்களிலிருந்து கேள்விகள் வரத் தொடங்கின. கொப்பியைப் படம் பிடித்து, "சேர், இந்தக் கணக்கு எப்படி?" என்று கேட்பார்கள். அப்படித் தொடங்கிய வட்ஸ்அப் குழுதான் இன்று சாதாரண தரப் பிள்ளைகளுக்கு வாரம் நான்கு நாள் நடக்கும் இணையவழி வகுப்பாக இருக்கிறது. காசு வாங்குவதில்லை. இதை நன்றி கேட்டு எழுதவில்லை. எங்களுக்கு ஒரு பணம் வரப்போகிறது. அதை வாங்குவதா, எந்த நிபந்தனையில் வாங்குவது என்பதில் உங்களுக்கும் உரிமை இருக்கிறது என்று நினைப்பதால் உங்கள் சங்கப் பத்திரிகையில் எழுதுகிறோம்.

முதலில் வகுப்பு எப்படி நடக்கிறது என்று சொல்லவேண்டும். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் இதைப் பெரிய தொழில்நுட்பம் என்று நினைக்கிறார்கள். ஒரு லயத்துக் காம்பராவில் ஒரு போன். அது அப்பாவுடையது. அப்பா கொழும்பில் வேலை என்றால் போனும் கொழும்பில். அம்மாவுடையது என்றால் காலையில் மலைக்குப் போய், பின்னேரம் கொழுந்து நிறுத்து முடிந்த பிறகுதான் வீட்டுக்கு வரும். ஆகவே வகுப்பு இரவு ஏழரைக்கு. இலவச சூம் 40 நிமிடத்தில் தானாக அறுந்துவிடும். அதனால் பாடமும் 40 நிமிடம், பிறகு இன்னொரு 40 நிமிடம். சிக்னல் கிடைக்காத பிள்ளைக்குக் குரல் பதிவு அனுப்புவோம். அது நடுச்சாமத்திலோ, அடுத்த நாள் கடைச் சந்தியிலோ போய்ச் சேரும்.

நோன்பு மாதத்தில் ஏழரைக்கு எங்களுக்குத் தராவீஹ். அந்த மாதம் வகுப்பை சுபஹ் தொழுகைக்குப் பிறகு, காலை ஐந்தரைக்கு மாற்றினோம். நீங்கள் பிரட்டுக்குப் போக ரொட்டி சுடுகிற நேரம். பிள்ளைகள் அடுப்படியில் இருந்தபடியே படித்தார்கள். விடியற்காலையில் சிக்னலும் நன்றாக இருக்கும். நோன்பு முடிந்த பிறகும் அந்த நேரத்தையே வைக்கச் சொன்ன தாய்மார் இருக்கிறார்கள்.

2022இல் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரைக்கும் போனது. டேட்டாக் கட்டணமும் ஏறியது. அப்போதும் வகுப்பு நிற்கவில்லை. ஆனால் எங்கள் வீடுகளில் கேள்வி வந்தது. "எத்தனை நாளைக்கு உங்கட சம்பளத்தில் ரீலோட் போடுவீங்க?" என்று உம்மாமார் கேட்டால் என்ன பதில்? 2021 யூலையில் ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகியபோது பேசப்பட்ட குறைகளில் இதுவும் ஒன்று: கருவியும் டேட்டாவும் ஆசிரியரின் சொந்தச் செலவு. கூலியில்லாத உழைப்பு என்றால் என்ன என்று உங்களுக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை. அரைப்பேர் போட்ட நாளின் கணக்கு உங்களுக்குத் தெரியும்.

இந்த நிலையில்தான் வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று வந்தது. பெயர் இங்கே தேவையில்லை. பிள்ளைகளுக்கு டெப் தருவார்களாம், எங்களுக்குக் கொடுப்பனவும் தருவார்களாம், இரண்டு வருடத்துக்கு. நல்ல விடயம்தான். பிறகு படிவம் வந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு அறிக்கை, அதுவும் ஆங்கிலத்தில். டெப்போடு பிள்ளைகளின் படங்கள், முடிந்தால் பெண் பிள்ளைகள், முடிந்தால் பின்னால் தேயிலை மலை தெரிய. எந்தப் பாடம் படிப்பிப்பது என்பதையும் அவர்களே தீர்மானித்திருந்தார்கள்: கோடிங். பத்தாம் வகுப்புப் பிள்ளை பின்னக் கணக்கில் தடுமாறுகிறது, அதற்கு ஆசிரியர் இல்லை. இதைச் சொன்னபோது "அது எங்கள் திட்டத்தின் எல்லைக்குள் இல்லை" என்று மரியாதையாகப் பதில் எழுதினார்கள்.

எங்கள் கரையோரத்துக்கு உதவியைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டாம். 2004 டிசம்பர் 26இல் கடல் எங்கள் ஊர்களுக்குள் வந்தது. மருதமுனை முதல் பொத்துவில் வரை மையித்துகளை எண்ணி முடிக்க முடியாமல் இருந்த நாட்கள் அவை. அதன் பின் உலகம் முழுவதும் இருந்து உதவி வந்தது. உண்மையாகவே உயிர் காத்த உதவியும் அதில் இருந்தது. அதை மறுத்தால் அல்லாஹ் கேட்பான். ஆனால் அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் பணத்தில் கட்டிய 500 வீடுகளைப் போய்ப் பாருங்கள். யாருக்குக் கொடுப்பது என்பதில் வழக்கு வந்தது, அரசியல் வந்தது. வீடிழந்தவர்கள் வெளியே நிற்க, கட்டி முடித்த வீடுகள் வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்தன. வீடு தரமாகத்தான் கட்டப்பட்டது. யாருக்கு, எப்படி என்ற கேள்வியில் அங்கு குடியிருக்க வேண்டியவர்களின் சொல் எடுபடவில்லை.

கணினிக்கும் இதே கதை உண்டு. 2005 அளவில் அரசு நெனசல நிலையங்களைத் தொடங்கியது. நாடு முழுவதும் 700க்கு மேல் வந்தன. 2014இல் கேட்ஸ் அறக்கட்டளை அந்தத் திட்டத்துக்கு 10 இலட்சம் டொலர் விருது கொடுத்தது. அந்த நிலையங்களில் முதல் முறையாக மௌசைப் பிடித்த பிள்ளைகள் எங்கள் பக்கத்திலும் இருக்கிறார்கள், உங்கள் பக்கத்திலும் இருக்கிறார்கள். இன்று உங்கள் பக்கத்தில் எத்தனை திறந்திருக்கின்றன என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். கணினி பழுதானால் திருத்தக் காசு யார் தருவது, அதை நடத்துகிறவருக்குச் சம்பளம் யார் தருவது? தொடங்கும் நாளில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத நிலையத்துக்கு விருது கிடைக்கலாம், ஆயுள் கிடைக்காது.

வேறு விதமாக நடந்தவையும் உண்டு. கான் அகடமியை எடுங்கள். அமெரிக்காவில் சல்மான் கான் என்பவர் 2004இல் தன் உறவுக்காரப் பெண்ணுக்குத் தொலைவிலிருந்து கணக்குச் சொல்லிக் கொடுத்ததில் தொடங்கி, 2008இல் இலாப நோக்கற்ற நிறுவனமாகப் பதிவானது. எங்கள் கதையும் ஒரு கணக்கில்தான் தொடங்கியது! ஆனால் அவருக்குப் பின்னால் பெரிய கொடையாளிகள் வந்தார்கள். 2010இல் கூகுள் மட்டும் 20 இலட்சம் டொலர் கொடுத்தது. அந்த வழி எங்களுக்கு இல்லை. எங்களுக்குக் கிட்டிய உதாரணம் நூலகம் நிறுவனம். 2005இல் சில இளைஞர்கள் தன்னார்வமாகத் தொடங்கிய இணைய நூலகம் இன்று இலட்சத்துக்கு மேற்பட்ட தமிழ் ஆவணங்களை யாரும் இலவசமாகப் படிக்க வைத்திருக்கிறது. அதில் மலையக ஆவணகமும் உண்டு, முஸ்லிம் ஆவணகமும் உண்டு. யாழ்ப்பாணத்தவர், மலையகத்தவர், நாங்கள் என்று பலர் நேரத்தையும் காசையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து வளர்த்தது. மெதுவாக வளர்ந்தது. இருபது வருடம் தாண்டியும் நிற்கிறது.

ஆகவே எங்கள் யோசனை இது. வகுப்பைப் பதிவு செய்யவேண்டிய நேரம் வந்துவிட்டது. வங்கிக் கணக்கு இல்லாமல், பொறுப்பாளர் இல்லாமல் இதற்கு மேல் போக முடியாது. 1980இன் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தன்னார்வ சமூக சேவை நிறுவனமாகப் பதியலாம். அல்லது 2007இன் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தின் கீழ் பங்குகள் இல்லாத, உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதியலாம். எதுவானாலும் நிர்வாக சபையில் பாதிப்பேர் தோட்டத்துப் பெற்றோராக இருக்கவேண்டும். அவர்களில் பாதிப்பேராவது பெண்களாக இருக்கவேண்டும், ஏனென்றால் போன் யார் கையில் என்பதைத் தீர்மானிப்பவர்கள் அவர்கள்தான். கூட்டம் தமிழில், கணக்கு தமிழில்.

அடுத்தது, சந்தா. குடும்பத்துக்கு மாதம் 50 ரூபாய். 2024இல் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1350 ரூபாய். அதில் எத்தனை பேர் எத்தனை நாள் முழுப்பேர் வாங்குகிறார்கள் என்பது எங்களுக்கும் தெரியும். ஒரு பிளேன்டீயும் வடையும் அந்த 50 ரூபாய்க்குக் கிடைக்காது என்றாலும், இல்லாத வீட்டில் 50ம் காசுதான். அப்படியிருந்தும் ஏன் கேட்கிறோம்?

உங்கள் சங்கம் இதற்கான பதிலைப் பல தலைமுறைக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டது. 1935இன் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பதிந்த சங்கம் வருடா வருடம் பதிவாளருக்குக் கணக்குக் காட்டவேண்டும். அதைவிடப் பெரிய காவல், சந்தா கட்டுகிறவர் பொதுக்கூட்டத்தில் எழும்பி "என் காசு எங்கே?" என்று கேட்பது. இலவசமாகக் கிடைத்த டெப்பைப் பற்றி அப்படி யாரும் கேட்பதில்லை. பழுதானால் பெட்டியில் வைத்துவிடுவார்கள். 500 குடும்பம் சேர்ந்தால் மாதம் 25,000 ரூபாய். கொடையாளியின் பணத்தோடு பார்த்தால் சிறு தொகை. ஆனால் அது நிற்காது, அதற்கு ஆங்கில அறிக்கை வேண்டியதில்லை, பின்னக் கணக்கைப் படிப்பிக்க அனுமதியும் கேட்கவேண்டியதில்லை. கட்ட முடியாத குடும்பத்தின் பிள்ளையை வகுப்பிலிருந்து நீக்கமாட்டோம். யார் கட்டவில்லை என்பது தோட்டக் கமிட்டிக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

டெப் வேண்டாம் என்றா சொல்கிறோம்? ஒரு பிள்ளைக்கு ஒரு டெப் வேண்டாம் என்கிறோம். சவர்க்காரக் கட்டி அளவான ராஸ்பெரி பை என்ற சிறு கணினி இருக்கிறது. அதில் கொலிப்ரி என்ற இலவச மென்பொருளைப் போட்டு, பாடங்களை ஏற்றி, பிள்ளைக் காம்பராவிலோ வாசிகசாலையிலோ வைத்தால், இணையம் இல்லாமலே பக்கத்திலுள்ள போன்களுக்குப் பாடம் போகும். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்கள் தமிழில் இலவசமாக இருக்கின்றன, அமைச்சின் ஈ-தக்சலாவையிலும் தமிழ்ப் பாடங்கள் உண்டு. எங்கள் குரல் பதிவுகளையும் சேர்க்கலாம். டேட்டாச் செலவில்லை, மலை உச்சிக்கு ஏறத் தேவையில்லை. உதவி நிறுவனம் தர விரும்பினால் இதைத் தரட்டும், எங்கள் சபை தீர்மானித்த பட்டியலின்படி.

ஒரு பயம் எங்களுக்கும் உண்டு, உங்கள் தலைவர்கள் சிலரும் கேட்டார்கள். "நீங்கள் போனில் படிப்பித்தால், ஆசிரியர் எதற்கு என்று அரசு கையை விரித்துவிடாதா?" நியாயமான கேள்வி. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பெடுக்க 1970கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்னும் அந்த இடைவெளி மூடவில்லை. அதனால் புதிய அமைப்பின் யாப்பிலேயே ஒரு வரி எழுதக் கேட்கிறோம்: ஒவ்வொரு தவணையும் எந்தப் பாடசாலையில் எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லாமல் பிள்ளைகள் எங்களிடம் வருகிறார்கள் என்ற பட்டியலைச் சங்கத்துக்குக் கொடுப்போம். வலயக் கல்வி அலுவலகத்துக்கு அதைக் கொண்டுபோவது சங்கத்தின் வேலை. ஓர் இடத்தில் ஆசிரியர் நியமிக்கப்பட்டால் அந்தப் பாடத்துக்கான எங்கள் வகுப்பை மூடுவோம். அப்படி மூடும் வகுப்பு ஒவ்வொன்றுக்கும் சாய்ந்தமருதுக் கடற்கரையில் எல்லோருக்கும் வட்டிலப்பம் வாங்கித் தர எங்களில் ஒருவர் இப்போதே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

உதவி நிறுவனத்துக்குப் பதில் எழுத மாத முடிவு வரை தவணை இருக்கிறது. அதற்கு முன் தோட்டக் கமிட்டிகளில் மூன்று விடயங்களைப் பேசச் சொல்கிறோம்: சந்தா 50 சரியா, சபைக்கு யாரை அனுப்புவது, பெட்டியை எந்தக் கட்டடத்தில் வைத்து யார் திறப்பை வைத்திருப்பது. மாதர் கமிட்டியைத் தனியாகக் கேளுங்கள். முடிவை மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்பினால் எங்களுக்கு வந்து சேரும்.