கன்றின் சாவுக்கு விதியா காரணம்?

"சின்ன ஜீவன், அதோட விதி அவ்வளவுதான். விடு கண்ணு!" என்று என் மாமியார் என்னைத் தேற்றினார். "ஊர்க்கண்ணு பட்டிருச்சு" என்றார், பக்கத்து வீட்டு அக்கா. உண்மை எனக்கல்லவா தெரியும்! முந்தின நாள் ராத்திரி அந்தக் கன்றைக் கட்டியது நான்தான்.

பிறந்து 18 நாளே ஆன கிடாரிக் கன்று. மழை வரும்போல் இருந்ததால், அவசர அவசரமாகக் கழுத்தில் சுருக்கு முடிச்சுப் போட்டு, நீளக் கயிற்றில் கட்டிவிட்டு வந்து விட்டேன். தாயிடம் போக இழுத்திருக்கிறது. கயிறு முளைக்குச்சியைச் சுற்றிக்கொள்ள, இழுக்க இழுக்கச் சுருக்கு இறுகி விட்டது. விடிகாலை பால் கறக்கப் போனால், விறைத்துக் கிடக்கிறது. பசு இரண்டு நாள் கத்திக்கொண்டே இருந்தது. பாலையும் அடக்கிக் கொண்டது. இருந்திருந்தால், மூன்று வருடத்தில் அதுவும் ஒரு கறவை ஆகியிருக்கும்.

அதன் பிறகுதான், தொழுவத்தைச் சுற்றி ஒருநாள் நிதானமாகப் பார்த்தேன். எத்தனை எமன்கள்! தரையோடு தரையாக இருந்த தண்ணீர்த் தொட்டியில், கன்று தலைகுப்புற விழுந்தால் எழவே முடியாது. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு பத்தடி தூரத்தில். மூலையில் மருந்து டப்பாவும், யூரியா மூட்டையும். எட்டும் உயரத்தில் மோட்டார் ஒயர். வேலியோரம் வெட்டிப் போட்ட மரவள்ளித் தழை. அதைப் பச்சையாகத் தின்றால், பெரிய மாடே சாய்ந்து விடும். நடக்கக் கற்கும் நம் குழந்தை கையில் இதெல்லாம் எட்டும்படி வைப்போமா? கன்றும் குழந்தைதானே! எதைக் கண்டாலும் முகரும், நக்கும், மெல்லும்.

இப்போது எங்கள் வீட்டில் கன்றுக்குக் கயிறே கிடையாது. மூங்கில் தப்பைகளை நெருக்கமாக அடித்து, தலை நுழைந்து மாட்டிக்கொள்ளாதபடி ஒரு சின்ன அடைப்பு. கீழே காய்ந்த வைக்கோல். பசு மிதித்து விடும் என்ற பயமும் இல்லை. பகலில் வெளியே கட்ட வேண்டியிருந்தால், சுருக்கு விழாத முடிச்சாகப் போட்டு, கழுத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே நாலு விரல் நுழைகிறதா என்று பார்க்கிறேன். கன்று வளர வளர இறுகும் என்பதால், வாரம் ஒருமுறை தளர்த்துகிறேன். தொட்டியின் மேல் பலகை, கிணற்றைச் சுற்றி முள்வேலி. இதற்கெல்லாம் ஆன செலவு, ஒரு மூட்டைத் தீவன விலைகூட இல்லை.

"கன்னுக்குட்டிக்குத் தனி ரூமா?" என்று முதலில் என் கணவர் சிரித்தார். சொசைட்டியில் எத்தனை லிட்டர் ஊற்றினோம் என்பதுதான் ஆண்களுக்குக் கணக்கு. பசுவுக்கு இன்சூரன்ஸ் போடுகிறோம். பருத்திக்கொட்டை, புண்ணாக்கு என்று பார்த்துப் பார்த்து வைக்கிறோம். கன்றை மட்டும், கையில் கிடைத்த கயிற்றில், கிடைத்த இடத்தில் கட்டுகிறோம். காளைக்கன்று என்றால் கேட்கவே வேண்டாம். 'எப்படியும் விற்கப் போறதுதானே' என்ற அலட்சியம்! அதுவும் ஓர் உயிர்தானே?

நோய் வந்து செத்தால், நம் கையில் இல்லை என்று ஆறுதல் கொள்ளலாம். கயிறும், தொட்டியும், கிணறும் நம் கையில் இருப்பவை. அதற்கும் விதி என்று பெயர் வைத்தால், அடுத்த கன்றும் அதே முளைக்குச்சியில்தான் சாகும்.

மாடு வளர்க்கும் சகோதரிகளே! இன்று ராத்திரி படுக்கப் போகும் முன், டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு ஒரு நடை தொழுவத்துக்குப் போய், அந்த முடிச்சை ஒருமுறை தொட்டுப் பாருங்களேன்!

— ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்.