துரையே, எங்கள் நாடு எப்படி?

சென்னையிலிருந்து மாமல்லபுரம் அறுபது கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. நம்மவர்களில் பலர் அங்கே போவது சிற்பம் பார்க்க அல்ல; கடலில் கால் நனைக்க, மீன் வறுவல் தின்ன, அப்படியே வெள்ளைக்காரர்களைப் பார்க்க. பார்த்துவிட்டுச் சும்மா விடுகிறோமா? வழிமறித்து ஒரு கேள்வி கேட்கிறோம்: "எங்கள் நாடு உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?"

இந்தக் கேள்வியை ஒழித்துக் கட்டவேண்டும் என்பது என் கட்சி.

இது பேச்சே அல்ல. நற்சாட்சிப் பத்திரம் கேட்டு மனுப் போடுவது. விருந்தாளி கை அலம்பும் முன்பே, "எங்கள் வீட்டுச் சமையல் எப்படி?" என்று கேட்கிறவரை நாம் என்னவென்று சொல்வோம்? கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் பார்க்க நமக்கு 40 ரூபாய், அவருக்கு 600 என்று 2018-ல் கட்டணம் வைத்தார்கள். பதினைந்து மடங்கு பணத்தையும் கட்டிவிட்டுப் பாராட்டையும் அந்த மனிதரே கொடுக்கவேண்டும்!

அவர் நம்மைத் திருப்பிக் கேட்டால்தான் சங்கடம். அர்ச்சுனன் தபசு என்று நாம் சொல்லும் பாறையின் முன் ஒரு பிரெஞ்சுக்கார மூதாட்டி நின்றுகொண்டிருந்தார். யானைக்குப் பக்கத்தில் ஒரு பூனை பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்கிறதே, காலடியில் எலிகள் வேறு; அது எதற்கு என்று கேட்டார். சுற்றிலும் ஏழெட்டுக் கல்லூரிப் பிள்ளைகள். அத்தனை பேரும் அவரோடு நின்று கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டவர்கள். இந்தியா எப்படி என்று கேட்டு, "ரொம்ப அழகு" என்று பதில் வாங்கிக்கொண்டவர்கள். பூனையைப்பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. "உருத்திராட்சப் பூனை" என்று நாள்தோறும் அடுத்தவனைத் திட்டுகிறோம். அதைப் பல்லவச் சிற்பி கல்லில் காட்டும்போது அடையாளம் தெரியவில்லை. நான்தான் சொன்னேன். அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். அந்த மாதிரி ஆசாமிகள் தம் ஊரிலும் நிறைய உண்டு என்றார்.

அதன் பிறகு நடந்ததுதான் பேச்சு. மாங்காய்க் கீற்று விற்கிற ஒரு கிழவி கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "இந்தம்மாவுக்குப் பிள்ளைங்க எத்தினின்னு கேளுங்க சாமி" என்றாள். கேட்டேன். ஒரே பையன், வேறு ஊரில் உத்தியோகம், கிறிஸ்துமஸுக்குத்தான் வருவானாம். "என் மவனும் அப்பிடித்தான், துபாயில இருக்கான். தீவாளிக்குக்கூட வரமாட்டேங்கறான். போனுதான்" என்றாள் கிழவி. நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு விட்டார்கள். மாங்காய்க்குக் காசு வாங்க மாட்டேன் என்று அவள் பிடிவாதம். கொடுத்துத்தான் தீருவேன் என்று இவர் பிடிவாதம்.

படித்தவர்கள் இங்கே முகம் சுளிப்பார்கள். பிள்ளை எத்தனை, கல்யாணம் ஆயிற்றா, சம்பளம் என்ன என்றெல்லாம் கேட்பது அநாகரிகம் என்பார்கள். பிரயாணிகளுக்கென்று எழுதப்படும் புத்தகங்களிலும், இந்தியர்கள் இப்படிக் கேட்பார்கள், மிரளாதீர்கள் என்று எச்சரிக்கை உண்டு. கேட்டால் என்ன ஐயா? நம் ரயிலில் எதிர் ஆசனத்துக்காரரை அப்படித்தானே அரை மணியில் சொந்தக்காரர் ஆக்கிக்கொள்கிறோம்? இஷ்டமில்லாதவர் சிரித்து மழுப்பிவிட்டுப் போகட்டும். கிழவி கேட்டது ஒரு மனுஷியை. பிள்ளைகள் கேட்டது ஒரு தோலின் நிறத்தை.

நிறம் என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். அன்று திரும்பி வரும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் நைஜீரியாவிலிருந்து சென்னைக்குப் படிக்க வந்த மாணவர். அவரும் வெளிநாட்டார்தான். அவரும் 600 ரூபாய் கொடுத்துத்தான் கோயிலைப் பார்த்திருந்தார். கடற்கரையில் அவரோடு படம் பிடித்துக்கொள்ள ஒருவரும் வரவில்லை. இந்தியா பிடித்திருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. பஸ்ஸில்கூட அவர் பக்கத்து இடம் காலியாகவே இருந்ததால்தான் எனக்குக் கிடைத்தது.

நான் மட்டும் என் கட்சியை விடுவேனா? "தம்பி, உங்களோடு பிறந்தவர்கள் எத்தனை பேர்?" என்று ஆரம்பித்தேன். ஐந்து பேராம்; இவர் மூன்றாமவர். அக்காள் கல்யாணத்துக்குப் போகமுடியாமல் போனது, மூன்று வீட்டுக்காரர்கள் வாடகைக்கு அறை இல்லையென்று கையை விரித்தது, நான்காவது வீட்டு அம்மாள் அறையைக் கொடுத்ததோடு முதல் நாளே ரசம் கொண்டுவந்து வைத்தது எல்லாவற்றையும் திருவான்மியூர் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். ரசத்தில் காரம் போதாதாம்.