கலைத் தேரின் அச்சு

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலையில், மதுராந்தகத்துக்கு அப்பால் இருப்பது அச்சரப்பாக்கம். திரிபுரங்களை எரிக்கப் புறப்பட்ட சிவபெருமானின் தேர், விநாயகரை வணங்காமல் கிளம்பியதால் இவ்விடத்தில் அச்சு இற்று நின்றதென்றும், ஊருக்குப் பெயர் வந்த காரணம் அதுவே என்றும் தல புராணம் கூறும். தேவர்களே தேரின் உறுப்புகளாக அமைந்திருந்தும், அச்சு முறிந்த பின் அத்தேர் ஓரடியும் நகரவில்லை. நமது நாட்டுச் சித்திரக் கலையின் நிலைமையும் இன்று ஏறக்குறைய அத்தகையதே. கண்காட்சிகள் நடக்கின்றன, பரிசுகள் வழங்கப்படுகின்றன, பிரசங்கங்களுக்குக் குறைவே இல்லை. ஆனால் இவ்வளவையும் தாங்க வேண்டிய அச்சு எது? சித்திரக்காரன் தினந்தோறும் அமர்ந்து உழைக்கும் வேலைக்கூடமும், அவ்வுழைப்பால் அவன் பெறும் ஜீவனமுமே அது. அதைப் பற்றிச் சிந்திப்பவர் மிகச் சிலர்.

ஒரு கண்காட்சி எவ்வாறு உருவாகிறது என்பதை நேயர்கள் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். ஆண்டு முழுவதும் தனியே உழைத்துச் சித்திரக்காரன் இருபது முப்பது படங்களை எழுதுகிறான். வர்ணம், கான்வாஸ் துணி, படத்துக்குச் சட்டம், அறைக்கு வாடகை ஆகிய எல்லாவற்றுக்கும் அவனே கைப்பணம் போட வேண்டும். பிறகு நகரத்தில் ஒரு மண்டபத்தை ஒரு வாரத்துக்குப் பிடித்து, படங்களை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய், அழைப்பிதழ் அச்சிட்டு அனுப்ப வேண்டும். தனியார் காட்சிக்கூடமானால் விற்ற விலையில் ஒரு பங்கு அதற்குச் சேரும். முதல் நாள் மாலை பிரமுகர் ஒருவர் குத்துவிளக்கேற்றுகிறார், போட்டோ எடுக்கிறார்கள், காபி வழங்கப்படுகிறது. விளக்கேற்றியவரைப் பார்க்க வந்த கூட்டம் படத்தைப் பாராமலே கலைந்துவிடுகிறது. மறுநாள் முதல் மண்டபத்தில் சித்திரக்காரனும் அவன் படங்களுமே எஞ்சுகின்றனர். ஒன்றும் விற்காவிட்டால் முழு நஷ்டமும் அவனுடையதே. இதைக் கலைக்கு நாம் அளிக்கும் ஆதரவு என்று சொல்லிக்கொள்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

அச்சரப்பாக்கத்திலிருந்து கிழக்கே கடற்கரையை நோக்கிச் சென்றால் மாமல்லபுரத்தில் வேறொரு காட்சியைக் காணலாம். அங்கே சிற்பியின் வேலைக்கூடம் தெருவோரத்திலேயே இருக்கிறது. உளியின் ஓசை போவோர் வருவோரை நிறுத்துகிறது. 1957-ல் அங்கே ஏற்பட்ட சிற்பப் பயிற்சி நிலையம் பிற்காலத்தில் கல்லூரியாக வளர்ந்தது. அந்நிலையத்தை நெடுங்காலம் நடத்திய கணபதி ஸ்தபதி அமைத்த 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலை 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் குமரிமுனையில் திறக்கப்பட்டது. மாமல்லபுரத்துக் கற்சிற்பத்துக்கு 2017-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இவ்வளவுக்கும் ஆதாரம் ஒன்று உண்டு. கோயில் திருப்பணிக்காக ஸ்தபதியைத் தேடி வருகிறவர் முதலில் இன்ன சிலை வேண்டுமென்று சொல்லி, முன்பணமும் கொடுக்கிறார். பிறகே உளி கல்லில் படுகிறது. சித்திரக்காரனோ முதலில் உழைத்துவிட்டுப் பிறகு வாங்குபவரைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. இருவருக்கும் உள்ள வேற்றுமை திறமையில் இல்லை. சமூகம் அவர்களோடு செய்துகொண்டிருக்கும் ஏற்பாட்டில்தான் இருக்கிறது. சிற்பிக்கும் துன்பமில்லாமலில்லை. இயந்திரத்தால் கல்லை அறுக்கும்போது எழும் நுண்ணிய தூசு நுரையீரலைக் கெடுக்கிறது. நீர் தெளித்து அறுப்பதும், முகமூடி அணிவதும், தூசை இழுக்கும் விசிறி வைப்பதும் அதைத் தடுக்கும் வழிகள். இவை ஒவ்வொரு கூடத்திலும் இருக்கின்றனவா என்று பார்ப்பது சர்க்காரின் கடமை.

சித்திரக்காரனுக்கு இந்த அநாதை நிலை எவ்வாறு வந்தது? ஒரு காலத்தில் இத்தொண்டை நாட்டை ஆண்ட மகேந்திரவர்மன் ‘சித்திரகாரப்புலி’ என்ற விருதுப் பெயரைத் தாங்கினான். அரசனே அப்பெயரில் பெருமை கொண்ட நாட்டில், அந்நிய ஆட்சி வந்தபின் கலைஞன் வெறும் கைவேலைக்காரனாகக் கருதப்பட்டான். 1850-ல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் ஆரம்பித்த கலைப் பள்ளி சில ஆண்டுகளிலேயே சர்க்கார் வசமாகிக் கைத்தொழிற் பள்ளியாயிற்று. சாட்டர்டன் துரை காலத்தில் அங்கே அலுமினியப் பாத்திரங்களும் செய்யப்பட்டன. பாத்திரத் தொழிலை நாம் இழிவாகக் கருதவில்லை. ஆயினும் இந்தியனுக்குக் கை உண்டு, கற்பனை இல்லை என்ற எண்ணம் அத்திட்டத்தினுள் ஒளிந்திருந்தது. 1929-ல் தேவிப்ரஸாத் ராய் சௌதுரி அப்பள்ளியின் முதல் இந்தியத் தலைவரானார். கடற்கரையில் நாம் காணும் உழைப்பாளர் சிலை அவர் கைவண்ணமே. அந்த எண்ணத்தைத் தகர்க்கத் தொடங்கியவர் அவர் என்று சொல்லலாம்.

அவருக்குப்பின் 1957-ல் தலைமை ஏற்றவர் கே. சி. எஸ். பணிக்கர். கோயமுத்தூரில் பிறந்த இவர், உத்தியோகங்கள் பார்த்துவிட்டுத் தமது இருபத்தைந்தாம் வயதில் மாணவராகச் சேர்ந்தவர். 1944-ல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை அமைத்தவர். திறமையுள்ள மாணவர்கள் பள்ளியை விட்டதும் பிழைப்பைத் தேடித் தூரிகையைக் கைவிடுவதை அவர் கண்டார். பரிகாரம் வேண்டுமென்று சர்க்காரிடம் மனு எழுதிக்கொண்டு காத்திருக்கவில்லை. மாணவர்களைச் சேர்த்துக் கைவினைச் சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார். துணியில் மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் வேலையையும் பிற கைவினைகளையும் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தைக் கொண்டு, அன்று செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த ஈஞ்சம்பாக்கத்தில், கடலோர மணற்பரப்பில் நிலம் வாங்கினார்கள். 1966-ல் சோழமண்டலக் கலைக்கிராமம் பிறந்தது. ஆரம்பத்தில் கீற்றுக் கொட்டகைகளே அங்கே வீடும் வேலைக்கூடமுமாக இருந்தன. கைவினையால் வயிற்றை நிரப்பிக்கொண்டு, எஞ்சிய நேரத்தில் யாருடைய விருப்பத்துக்கும் வளையாத சித்திரத்தை எழுதுவது என்பதே அவர்கள் கண்ட வழி. பிரான்ஸில் பார்பிஸான் என்ற சிற்றூரில் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ஓவியர்கள் கூடி வாழ்ந்ததுண்டு. ஆனால் தங்கள் கைவேலையால் நிலம் வாங்கித் தாங்களே ஊரமைத்த பெருமை நமது கலைஞர்களுடையது. ஈஞ்சம்பாக்கம் இன்று சென்னை மாநகரத்துக்குள் வந்துவிட்டது. கலைக்கிராமத்தில் காட்சிக்கூடங்களும் உண்டு. சுயராஜ்யம் என்பதன் பொருளை மேடையில் விளக்குவோர் இக்கிராமத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வருவது நலம்.

ஆயினும் சிலருடைய மனோதிடத்தை நம்பி ஒரு நாட்டின் கலை வாழ முடியாது. அக்கிராமத்தில் வாழ்ந்த கே. ராமானுஜம், மைக்கோடுகளால் கனவுலகங்களைப் படைத்தவர். அவர் 1973-ல் இளமையிலேயே மறைந்தார். அவருடைய படங்களின் அருமையை அவர் காலத்துக்குப் பின்னரே உலகம் பெரிதாகப் பேசிற்று. இன்னொன்றும் பாருங்கள். எம். எஃப். ஹுசேன் 1954-ல் எழுதிய ‘கிராம யாத்திரை’ என்ற படம், 2025 மார்ச்சு மாதத்தில் நியூயார்க் ஏலத்தில் ஏறத்தாழ 118 கோடி ரூபாய்க்குப் போயிற்று. அவர் 2011-லேயே காலமாகிவிட்டார். படம் கைமாறக் கைமாற விலை ஏறுகிறது. எழுதியவனுக்கு முதல் விலையோடு சரி. இந்த அநீதியை நீக்க, மறுவிற்பனையில் கலைஞனுக்குப் பங்கு அளிக்கும் சட்டத்தைப் பிரான்ஸ் 1920-லேயே இயற்றிற்று. நமது பதிப்புரிமைச் சட்டத்திலும் 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அவ்வுரிமை சேர்க்கப்பட்டது. பத்தாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட மறுவிற்பனையில், பத்து சதவிகிதத்துக்கு மேற்படாத ஒரு பங்கு கலைஞனுக்கோ அவன் வாரிசுகளுக்கோ உரியது. கலைஞர்கள் சங்கமாகத் திரண்டு இதைக் கேட்டுப் பெற வேண்டும். கேளாத உரிமை ஏட்டுச் சுரைக்காயே.

“அன்னத்துக்கே வழியில்லாதவர் இருக்கும் நாட்டில் சித்திரம் எதற்கு?” என்று கேட்பவர் உண்டு. இக்கேள்வியை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் நாம் பேசுவதும் அன்னத்தைப் பற்றியே. சித்திரக்காரனும் உழைப்பாளி, அவன் வீட்டிலும் அடுப்பெரிய வேண்டும். சர்க்கார் ஆதரித்தால் கலைஞன் சர்க்காருக்கு அடிமையாவான் என்பது மற்றோர் ஆட்சேபம். இது நியாயமான அச்சம். ஆகையால்தான் தானமும் பட்டமும் வேண்டாமென்கிறோம். இடமும் சுவரும் கொடுங்கள். எதை எழுதுவது என்பதை அவனுக்கே விட்டுவிடுங்கள்.

செய்யக்கூடியவை பல. 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. வீட்டு வரியோடு நூலக வரியும் கொடுக்க நம் ஜனங்கள் இசைந்தார்கள். ஊர்தோறும் நூலகம் எழுந்தது. அந்த நூலகங்களின் சுவர்களில் மாதந்தோறும் ஒரு கலைஞனின் படங்களை மாட்டுவதற்கு அதிகச் செலவாகாது. ஏற்றிவரும் கூலியையும் ஒரு சிறு சன்மானத்தையும் உள்ளூர் ஸ்தாபனங்கள் ஏற்கலாம். பொதுக் கட்டடம் கட்டும் செலவில் நூற்றில் ஒரு பங்கைக் கலைக்கு ஒதுக்கும் வழக்கம் பிரான்ஸில் 1951-ல் பள்ளிகளிலிருந்து தொடங்கிற்று. நாமும் அதைப் பின்பற்றினால், ஸ்தபதிக்குக் கிடைப்பது போன்ற முன்பணமும் உறுதியும் சித்திரக்காரனுக்கும் கிடைக்கும். பயனின்றிப் பூட்டிக் கிடக்கும் பொதுக் கட்டடங்களைக் கலைஞர்களின் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் குறைந்த வாடகையில் வேலைக்கூடமாக அளிக்கலாம்.

பொறுப்பு சர்க்காரோடு முடிந்துவிடவில்லை. அச்சரப்பாக்கம் போன்ற ஓர் ஊரில் சித்திரம் எழுத வல்ல பையன் ஒருவன் இருப்பானாகில், அசல் படம் ஒன்றைக் கண்ணால் காண அவன் பட்டணத்துக்கு ரயிலேற வேண்டியிருக்கலாகாது. பொதுத்தொண்டில் ஈடுபட்டிருக்கும் நம் அன்பர்கள் தத்தம் ஊர் நூலகத்தில் இவ்வாண்டிலேயே ஒரு கண்காட்சிக்கு ஏற்பாடு செய்யட்டும். கல்யாணத்தில் வெள்ளிப் பாத்திரம் கொடுக்கும் அன்பர்கள் ஒருமுறையாவது ஒரு படம் வாங்கிக் கொடுக்கட்டும். கண்காட்சிக்குப் போகிறவர்கள் திறப்பு விழாவுக்கு மறுநாள் போகட்டும். அன்று மண்டபம் காலியாக இருக்கும். படத்தையும் நன்றாகப் பார்க்கலாம், எழுதியவனோடும் இரண்டு வார்த்தை பேசலாம்.