ஒளிக்கு நாக்கு எங்கே?

கடலடியிலே கண்ணாடி இழை! கிராமத்துக்கும் கண்ணாடி இழை! மார்தட்டுகிறார்கள் டில்லியை ஆள்வோர். மகிழ்ச்சிதான், மறுக்கவில்லை நாம். ஒன்றே ஒன்று கேட்கிறோம்: இழையிலே ஓடும் ஒளியைப் பேசவைக்கும் கருவியை யார் செய்கிறார்கள்?

வெறும் ஒளி பேசாது. அதற்கு நாக்காக அமைவது பண்பேற்றி. 'மாடுலேட்டர்' என்பர் பொறியியலார். லேசரையே அணைத்து அணைத்து ஏற்றினால் ஆகாதா? ஆகும், ஆனால் வேகம் கூடக்கூட ஒளியின் நிறம் தடுமாறும், தொலைவிலே செய்தி குழம்பும். ஆகவே லேசரை அணையாது எரியவிட்டு, ஒளியை இரு பாதையாகப் பிரித்து, ஒன்றிலே மின்னழுத்தம் செலுத்துகிறார்கள். அங்கே ஒளியலை சற்றே பின்தங்கும். இரண்டும் மீண்டும் கூடுமிடத்தில் அலைகள் ஒத்துப்போனால் வெளிச்சம், முரண்பட்டால் இருட்டு. இந்த வெளிச்சமும் இருட்டுமே செய்தி!

முன்பு இது லித்தியம் நயோபேட் படிகத்தாலான, விரல் நீளத் தனிக்கருவி. 2004-இல் இன்டெல் ஆய்வாளர்கள் சிலிக்கான் சில்லிலேயே அமைத்து, நொடிக்கு நூறு கோடி முறைக்கு மேல் ஒளியை மாற்றிக் காட்டினர். 2018-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தாரும் நோக்கியா பெல் ஆய்வகத்தாரும் அதே லித்தியம் நயோபேட்டை மென்படலமாக்கி, மிகக் குறைந்த மின்னழுத்தத்தில் நொடிக்கு 210 கிகாபிட் வேகத்தை எட்டினர்.

எல்லாம் தனியார் திறமை என்பீரோ? தனியுடைமைக்குத் தாலாட்டுப் பாடும் அமெரிக்காவே 2015-இல் ஒளிச்சில்லு உற்பத்திக் கழகம் அமைக்க 11 கோடி டாலர் அரசுப் பணம் தந்தது. பெல்ஜியத்தின் ஐமெக், 1984-இல் அரசின் துணையோடு பிறந்தது. பல பல்கலைக்கழகங்களின் வடிவமைப்புகளை ஒரே சிலிக்கான் தகட்டில் சேர்த்து, செலவைப் பகிர்ந்து, செய்துதருகிறது.

இங்கே? மொகாலியில் 1984-இல் உற்பத்தி தொடங்கிய அரசுச் சில்லு ஆலை 1989-இல் தீக்கிரையாயிற்று. அது மீண்டெழுவதற்குள் உலகம் பல காதம் சென்றுவிட்டது. 2021-இல் 76,000 கோடி ரூபாய்த் திட்டம் வந்தது. சிலிக்கான் ஒளியியலும் அதன் பட்டியலில் இடம்பெற்றது. பிறகு, ஆலை கட்டும் முதலாளிக்குச் செலவில் பாதி மானியம் என்றார்கள். முதலாளிக்குப் பாதி, மாணவனுக்கு?

சென்னை ஐ.ஐ.டி.யில் ஒன்றிய அரசின் நிதியோடு சிலிக்கான் ஒளியியல் மையம் உழைக்கிறது. அறிவுக்குப் பஞ்சமில்லை. அத்தகைய அறிவு ஆலையைச் சேர வழிதான் வேண்டும். பெருஞ்செலவு என்று மிரட்ட வேண்டாம். கைப்பேசிச் சில்லுக்கு வேண்டிய அதிநுண்ணிய எந்திரம் இதற்குத் தேவையில்லை. 130 நானோமீட்டர் அளவிலான பழைய தலைமுறை எந்திரங்களே ஒளிச்சில்லுகள் பலவற்றுக்குப் போதும்.

ஆகவே வலியுறுத்துகிறோம்: பொதுப்பணத்தில், பொதுத்துறையில், எந்தக் கல்லூரி மாணவனும் தன் வடிவமைப்பை அனுப்பிச் சில்லாகப் பெறத்தக்க ஓர் ஒளிச்சில்லு ஆலை வேண்டும்.

இழை நம் மண்ணிலே, நாக்கு அயலார் கையிலே என்றால், பேச்சு யாருடையது?