எரித்தாலும் எரியாத படங்கள்

ஜெர்மன் குடியானவர் கிளர்ச்சியைச் செப்புத் தகட்டில் செதுக்கி, ஏழு படங்களாக 1908-இல் முடித்தார் கேத்தே கோல்விட்ஸ் அம்மையார். முதல் படத்தில் மாட்டுக்குப் பதில் மனிதன் ஏர் இழுக்கிறான்!

இந்தியாவில் அவ்வழி நின்றவர் சித்தப்பிரசாத். 1943 வங்கப் பஞ்சத்தில் மேதினிப்பூர் கிராமங்களில் நடந்து, பட்டினியால் எலும்பாகிய மக்களை வரைந்து நூலாக்கினார். வெள்ளையர் அரசு 5,000 படிகளைப் பறித்துக் கொளுத்தியது. கோலோச்சிய அரசு கோட்டோவியத்துக்கு அஞ்சியது! தப்பிய ஒரு படி இன்றும் சாட்சி சொல்கிறது.

நமக்குச் சாட்சி எங்கே? பேராக்கில் பல தோட்டங்களில் ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது, லயங்கள் இடிந்தன. விடியுமுன் பெரட்டுக்கு நின்ற தாய்மாருக்குச் செக்ரோலில் பெயருண்டு, நாட்கணக்குண்டு, முகமில்லை. வரையத் தெரிந்த இளைஞரே, பழைய பால்வெட்டுத் தொழிலாளர் உள்ளபோதே அம்முகங்களை வரைந்து வையுங்கள்!