கையகல வீடு வாங்கலாமா?



‘சின்ன வீடு’ என்று சொன்னாலே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற ஊர் நம் ஊர். நான் சொல்ல வந்தது அந்தச் சின்ன வீட்டைப் பற்றி அல்ல. ஒன்றரை சென்ட் இடம், 480 சதுர அடி கட்டடம், ஒரு ஹால், ஒரு பெட்ரூம், இரண்டு பேர் சேர்ந்து நின்றால் இடிக்கிற அடுப்படி. மதுரைக்கு வெளியே இப்படி ஒரு வீடு எங்களுக்கு வந்திருக்கிறது. விலை 22 லட்சம். வாங்கலாமா, வேண்டாமா என்று எங்கள் வீட்டில் ஆறு மாதமாக இதே பேச்சுதான். நம்மில் பல பேர் வீட்டில் இதே பேச்சு ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

வீட்டில் இரண்டு கட்சி. என் அத்தை, “எலி வளையானாலும் தனி வளை வேணும்” என்கிற கட்சி. என் வீட்டுக்காரரின் அண்ணன், “பொறுத்ததுதான் பொறுத்தீங்க, இன்னும் ரெண்டு வருஷம் பொறுத்துப் பெருசா வாங்குங்கப்பா. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தா எங்கே உக்கார வைப்பீங்க?” என்கிற கட்சி. இரண்டு பேருமே நல்லது நினைத்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டு பேரும் பார்ப்பது வீட்டின் அளவை. நான் பார்க்கச் சொல்வது வேறு. தவணை கட்டியது போக வீட்டில் மிச்சம் என்ன இருக்கும்? அதை வைத்து அரிசி, பருப்பு, பள்ளிக்கூட ஃபீஸ், மருந்து மாத்திரை எல்லாம் ஓடுமா? ஓடும் என்றால் கையகல வீடும் நல்ல வீடுதான். ஓடாது என்றால் பங்களாவும் சுமைதான்.

கணக்கைச் சொல்கிறேன். 22 லட்சம் வீடு என்றால் 22 லட்சத்தோடு முடியாது. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 22 லட்சத்துக்கு அதுவே 1,98,000 ரூபாய் ஆகிறது. வக்கீல் ஃபீஸ், பத்திரம் எழுதும் கூலி, வங்கிக் கட்டணம், புரோக்கர் கமிஷன், வெள்ளையடிப்பு எல்லாம் சேர்த்தால் 24½ லட்சம் வேண்டும். எங்கள் கையிருப்பும் என் நகையில் பாதியும் சேர்ந்து 9½ லட்சம். மீதி 15 லட்சம் கடன். வட்டி 9 சதவீதம், 20 வருடம் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை 13,496 ரூபாய். இப்போது கொடுக்கிற வாடகை 7,500. ஆக, மாதம் 6,000 ரூபாய் கூடுதலாகப் புரட்ட வேண்டும். இவருடைய சம்பளம் 32,000. என் தையல் வருமானம் 5,000.

“வாடகைக்குக் கொடுக்கிற காசைத் தவணையாகக் கட்டினால் வீடு நமதாகிவிடும்” என்று புரோக்கர்கள் சுலபமாகச் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. எங்கள் வாடகை வருடம் 5 சதவீதம் ஏறினாலும், 20 வருடத்தில் மொத்தமாகக் கொடுப்பது ஏறக்குறைய 29 லட்சத்து 75 ஆயிரம். வங்கிக்குக் கட்டுவது 32 லட்சத்து 39 ஆயிரம். அது போக நம் கைக்காசு 9½ லட்சம் வேறு. அதனால் வீடு வாங்கினால் பணம் மிச்சமாகும் என்று நினைத்து வாங்காதீர்கள். லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. இருபதாவது வருடம் வாடகை மாதம் 19,000 பக்கம் போயிருக்கும். தவணையோ, வட்டி மாறாமல் இருந்தால், அதே 13,496 தான். அப்புறம் அதுவும் நின்றுவிடும். இவருக்கு இப்போது 40 வயது. 60 வயதில் சம்பளம் நிற்கிறபோது வாடகை கேட்டு யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். அந்த நிம்மதிக்குத்தான் நாம் விலை கொடுக்கிறோம்.

ஆனால் வட்டி அப்படியே நிற்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி தன் ரெப்போ வட்டியை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்த்தியது. வீட்டுக் கடன் வட்டியும் கூடவே ஏறி, பல பேருக்குத் தவணைக் காலம் நீண்டுபோனது. ஆகவே, மூச்சு முட்டுகிற அளவுக்குக் கடன் வாங்கவே கூடாது. ஒரு நல்ல விஷயமும் உண்டு. மாறும் வட்டியில் வீட்டுக் கடன் வாங்கிய தனிநபர்கள் முன்கூட்டியே கட்டினால் வங்கி அபராதம் போடக்கூடாது என்று 2012-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. தீபாவளி போனஸ் வரும்போது வருடத்துக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டினால், 20 வருடக் கடனில் மூன்று வருடத்துக்கு மேல் குறையும்.

தாக்குப்பிடிக்க முடியுமா என்று தெரிந்துகொள்ள நாங்கள் ஒரு வழி செய்தோம். வீடு வாங்குவதற்கு முன்பே தவணை கட்டத் தொடங்கிவிட்டோம், எங்களுக்கு நாங்களே! ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, மாதம் 6,000 ரூபாயைச் சம்பளம் வந்த அன்றே தனியாக எடுத்து வங்கியில் போட்டோம். நான்கு மாதம் சமாளித்தோம். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது, ஆகஸ்டில் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து. அந்த இரண்டு மாதமும் 3,500-க்கு மேல் எடுக்க முடியவில்லை. பேச்சில் தெரியாதது இந்த ஆறு மாதத்தில் தெரிந்துவிட்டது. எங்கள் குடும்பத்துக்கு 15 லட்சம் கடன் தாங்காது, 12 லட்சம் என்றால் தாங்கும். 12 லட்சத்துக்குத் தவணை 10,797. வாடகையை விட 3,300 தான் கூடுதல். மோசமான மாதத்திலும் அதை எடுத்து வைக்க முடிந்திருக்கிறதே!

இவருடைய அண்ணன் சொல்கிற மாதிரி 35 லட்சத்துக்குப் பெரிய வீடு பார்த்தால் என்ன ஆகும்? கடன் 28 லட்சம் ஆகும், தவணை 25,000-ஐத் தாண்டும். வருகிற 37,000-இல் அதைக் கட்டிவிட்டு, ஹாலில் மாப்பிள்ளை வீட்டாரை உட்கார வைக்கலாம். பெண்ணைப் படிக்க வைக்க எதை வைத்து ஃபீஸ் கட்டுவது? என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். எனக்குப் பத்தாவதோடு படிப்பு நின்றுபோனது. அவளுக்கு அப்படி ஆகக்கூடாது. விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

பணக் கணக்கு சரி என்றால், அடுத்து வீட்டைப் பார்க்க வேண்டும். ஆண்கள் பத்து நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு” என்று வந்துவிடுவார்கள். நாள் முழுக்க அதற்குள் இருக்கப் போவது நாம். ஒரு தடவை நடுப்பகல் வெயிலில் போய்ப் பாருங்கள், ஒரு தடவை இரவு எட்டு மணிக்கு, முடிந்தால் மழை விட்ட மறுநாள் ஒரு தடவை. அடுப்படியில் ஜன்னல் இருக்கிறதா, கிரைண்டரும் சிலிண்டரும் வைத்த பிறகு நிற்க இடம் இருக்கிறதா, துணி எங்கே காயும், பரண் எத்தனை அடி, முட்டி வலிக்கிற மாமியார் கக்கூசில் உட்கார்ந்து எழுந்திருக்க முடியுமா, வயசுக்கு வந்த பெண் உடை மாற்றவும் உட்கார்ந்து படிக்கவும் ஒரு மூலை கிடைக்குமா என்றெல்லாம் பாருங்கள். இடம் சின்னதாக இருந்தால் காற்றும் வெளிச்சமும் கட்டாயம் வேண்டும்.

விற்பவரிடம் கேட்காமல், குழாயடியில் நிற்கிற பெண்களிடம் கேளுங்கள். தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருகிறது, போர் தண்ணீர் உப்பா, மழைக்குத் தெருவில் தண்ணீர் நிற்குமா? அவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள். சதுர அடிக் கணக்கிலும் கவனம் தேவை. 480 என்றால் சுவரும் அதில் சேர்த்திதான். நீங்களே டேப் பிடித்து உள்ளே அளந்து பாருங்கள். பில்லர் போட்டுக் கட்டியதா, பின்னால் ஒரு மாடி எடுக்க அஸ்திவாரம் தாங்குமா, அனுமதி கிடைக்குமா என்பதையும் ஒரு இன்ஜினியரை வைத்துக் கேட்டுவிடுங்கள். மேலே ஒரு அறை போட முடிகிற சின்ன வீடு பிள்ளைகளோடு சேர்ந்து தானும் வளரும்.

மூன்றாவது பத்திரம். 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தைப் பலரும் சொல்கிறார்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடம், எட்டுக்கு மேற்பட்ட வீடுகள் என்று வருகிற திட்டங்களைத்தான் அதில் பதிவு செய்ய வேண்டும். ஒரு கொத்தனார் ஒன்றரை சென்டில் தனியாகக் கட்டி விற்கிற வீடு பெரும்பாலும் அதற்குள் வராது. அதனால் சின்ன வீடு வாங்குகிறவர்தான் கூடுதல் உஷாராக இருக்க வேண்டும். தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, மனை அங்கீகாரம், கட்டட வரைபட அனுமதி, வீட்டு வரி ரசீது எல்லாவற்றையும் நமக்காக ஒரு வக்கீல் பார்க்க வேண்டும். விற்பவருடைய வக்கீல் பார்த்தது போதாது. வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் நாமே பார்க்கலாம். என் மகள்தான் போனில் எடுத்துக் கொடுத்தாள். ஆனால் பதிவான விவரம் மட்டும்தான் அதில் இருக்கும். பதியாத குடும்பச் சண்டை அதில் தெரியாது.

இதற்கு முன்னால் நாங்கள் பார்த்த வீட்டை விட்டதே அதனால்தான். அப்பா உயில் எழுதாமல் இறந்துபோனார். அண்ணனும் தம்பியும் சேர்ந்து விற்க வந்தார்கள். “கூடப் பிறந்த பொம்பளைப் பிள்ளை இருக்கா?” என்று வக்கீல் கேட்ட பிறகுதான், கட்டிக்கொடுத்த தங்கச்சி ஒருத்தி இருப்பது தெரிந்தது. “அதுக்குத்தான் சீர் செஞ்சாச்சே” என்றார்கள். சீர் செய்தால் பங்கு போய்விடுமா? இந்துக் குடும்பங்களில், அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மகளுக்குப் பங்கு 1956 சட்டத்திலேயே இருக்கிறது. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989-இல் பங்கு கொடுத்தது, 2005-இல் நாடு முழுவதுக்கும் வந்தது. அந்தத் தங்கை கையெழுத்து இல்லாமல் வாங்கினால், நாளைக்கு அவர் கோர்ட்டுக்குப் போகலாம். போனால் நியாயமும் அவர் பக்கம்தான். நம் வீட்டுக்காக இன்னொரு பெண்ணின் பங்கு போக வேண்டாம், சகோதரிகளே. வாரிசுச் சான்றைக் கேளுங்கள், எல்லோருடைய கையெழுத்தையும் கேளுங்கள். அதுவரை, “வேற பார்ட்டி ரெடியா இருக்கு” என்று எவ்வளவு அவசரப்படுத்தினாலும் டோக்கன் அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக நம்முடைய பெயரும் நம்முடைய நகையும். நகை போகிறது என்றால் பத்திரத்தில் பெயர் வர வேண்டும். இதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். கணவன் மனைவி இரண்டு பேர் பெயரிலும் பதிவு செய்யலாம். 2025 ஏப்ரல் முதல், பெண்கள் பெயரில் பதிகிற 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்குத் தமிழ்நாட்டில் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைத்திருக்கிறார்கள். எங்களுக்கு அது பொருந்தாது, மனை மட்டும் வாங்குகிறவர்களுக்கு உதவும். நகை முழுவதையும் போட்டுவிடாதீர்கள். நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது சுவரைப் பெயர்த்துக் கொடுக்க முடியாது. கடன் தொகைக்குக் குறையாமல் கணவர் பெயரில் ஒரு டேர்ம் இன்ஷூரன்ஸும் எடுத்துவிடுங்கள். பேசவே வாய் கூசுகிற விஷயம்தான். ஆனாலும் பேசிவிட வேண்டும்.

எங்கள் முடிவு இதுதான். தை மாதம் என் சீட்டு முடிகிறது, மூன்று லட்சம் கைக்கு வரும். அப்போது 12 லட்சம் கடனோடு வாங்குவோம். அந்த வீட்டுக்காரர் அதுவரை பொறுத்தால் அந்த வீடு. பொறுக்காவிட்டால் அதே அளவில் வேறொரு வீடு பார்ப்போம். அளவைக் கூட்டப் போவதில்லை. வருகிற உறவினர்கள் பாயில் உட்காரட்டும். பாசம் இருந்தால் பாயும் போதும்.

உங்கள் வீட்டில் இந்தப் பேச்சு வரும்போது, “அதெல்லாம் ஆம்பளைங்க பாத்துக்குவாங்க” என்று காபி கலக்க எழுந்து போகாதீர்கள். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு அங்கேயே உட்காருங்கள். மாதக் கடைசியில் எண்ணெயும் பாலும் எப்படி வாங்குகிறோம் என்ற கணக்கு நமக்குத்தானே தெரியும்? என்ன, நான் சொல்வது சரிதானே?

— ஒரு வாசகி, மதுரை.