சீசீ மட்டும் போதுமா?

பயிலுநர் எந்த மோட்டார் சைக்கிளை ஓட்டலாம் என்பதை இயந்திரத்தின் அளவை மட்டும் வைத்துத் தீர்மானிக்கலாமா? பிரித்தானியாவின் அனுபவம் இதற்கு விடை தருகிறது.

அங்கு 1961இல் 250 சீசீ எல்லையாக விதிக்கப்பட்டது. உற்பத்தியாளரோ அந்த எல்லைக்குள்ளேயே வேகத்தைக் கூட்டினர். 1970களின் இறுதியில் சில 250 சீசீ வண்டிகள் மணிக்கு 150 கிலோமீற்றரையும் எட்டின. எனவே 1983இல் எல்லை 125 சீசீயாகக் குறைக்கப்பட்டது. இயந்திர வலுவுக்கும் வரம்பு வந்தது. 1990இல் புதிய பயிலுநர் தனியே வீதிக்கு இறங்குமுன் அடிப்படைப் பயிற்சி பெறுவது கட்டாயமாயிற்று.

இந்த இறுதி மாற்றத்தையே நாம் பெரிதும் மதிக்கிறோம். பழகாத கையில் சிறிய வண்டியும் ஆபத்தானதே. கடன்பட்டு மகனுக்கு வண்டி வாங்கும் பெற்றோரே, எத்தனை சீசீ என்று விசாரிக்குமுன், வளைவில் திருப்பவும் அவசரத்தில் நிறுத்தவும் அவனுக்குப் பழக்கியவர் யார் என்று கேளுங்கள்.